உள்நுழைவுத் திரை யாருடையது? ஜிடிஎம் நிரலின் மறுஎழுத்தும் நீக்கப்பட்ட தெரிவுகளும்

கேள்வி

மென்பொருள் ஒன்று புதிய பதிப்புக்கு மாறும்போது, முன்பு இருந்த வசதிகளில் சில காணாமல் போவது கணினி உலகில் வாடிக்கை. இதை ரசனை சார்ந்த பூசலாகவே பெரும்பாலும் பார்த்துவிடுகிறோம். பழகியது போய்விட்டதே என்று சிலர் குறைபட்டுக்கொள்வார்கள், கொஞ்ச நாளில் புதியது பழகிவிடும் என்று கடந்துபோகிறோம். அப்படிக் கடந்துபோக முடியாத ஓர் இடத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கணினியைத் திறந்தவுடன் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் உள்நுழைவுத் திரைதான் அது.

லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் புழங்கும் குனோம் டெஸ்க்டாப்பின் உள்நுழைவு நிரலுக்கு ஜிடிஎம் என்று பெயர். 2008இல் அது அடியோடு மாற்றி எழுதப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த அமைப்புத் தெரிவுகளில் பெரும்பகுதி அந்த ஒரே மாற்றத்தில் கண்ணிலிருந்து மறைந்தது. அந்த நீக்கம் தொழில்நுட்பக் கட்டாயத்தால் நேர்ந்ததா, வடிவமைப்புக் கொள்கையால் நேர்ந்ததா என்பது முதல் கேள்வி. கொள்கைதான் காரணம் என்றால், அந்தக் கொள்கை உள்நுழைவுத் திரைக்குப் பொருந்தக்கூடியதா என்பது இரண்டாவது கேள்வி. கட்டுரையின் எடை இரண்டாவது கேள்வியின் மேல்தான்.

2.20 வரை

உள்நுழைவு நிரலின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். அது யாருக்காகப் பிறந்தது என்பது பின்னால் வரும் வாதத்துக்குத் தேவைப்படுகிறது.

யூனிக்ஸ் வகைக் கணினிகளின் வரைகலைக்கு அடித்தளமான எக்ஸ் விண்டோ அமைப்பு 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது. அதன் பதினோராம் தலைமுறையின் மூன்றாம் வெளியீடு 1988இல் வந்தபோது, கீத் பேக்கார்டு எழுதிய எக்ஸ்டிஎம் என்ற உள்நுழைவு நிரல் அதனுடன் சேர்ந்து வந்தது. அடுத்த ஆண்டு, நான்காம் வெளியீட்டில், எக்ஸ்டிஎம்சிபி என்ற நெறிமுறையும் சேர்ந்தது. அதன்படி, நடுவில் வலுவான கணினி ஒன்று இருக்கும். கூடம் முழுக்கத் திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட முனையங்கள் இருக்கும். எந்த முனையத்தில் அமர்ந்தாலும் நடுக்கணினியின் உள்நுழைவுத் திரை வந்து நிற்கும். ஆகவே, பலர் பகிர்ந்துகொள்ளும் இயந்திரத்துக்காக, அதற்குப் பொறுப்பான நிர்வாகி ஒருவர் வகுக்கும் விதிகளின்படி நடப்பதற்காகவே இந்த நிரல்வகை தோன்றியது. வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினி அன்று யாருடைய மனத்திலும் இல்லை.

ஜிடிஎம் இந்த மரபில் வந்தது. மார்ட்டின் பீட்டர்சன் எழுதித் தொடங்கினார். ஜார்ஜ் லேபல் நெடுநாள் பராமரித்தார். பிறகு சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த பிரையன் கேமரன் பொறுப்பேற்றார். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கேட்டதைச் சேர்த்துச் சேர்த்து, 2007 செப்டம்பரில் வந்த 2.20 பதிப்பில் அது முழு வளர்ச்சி பெற்றிருந்தது.

அந்தப் பதிப்பின் அமைப்புச் சாளரத்தைத் திறந்தால் ஆறு தாவல்கள் தெரியும்: பொது, உள்ளகம், தொலைவு, அணுகல்தன்மை, பாதுகாப்பு, பயனர்கள். உள்ளகத் தாவலில் திரையின் தோற்றம், பின்னணி நிறம், வரவேற்பு வாசகம் ஆகியவற்றை மாற்றலாம். பயனர்களின் பெயர்களைப் படத்துடன் பட்டியலிடுவதா, வெறும் பெயர்ப்பெட்டி போதுமா என்பதையும் அங்கேயே தீர்மானிக்கலாம். தொலைவுத் தாவல் எக்ஸ்டிஎம்சிபி இணைப்புகளைத் திறக்கவும் மூடவும் இருந்தது. பாதுகாப்புத் தாவலில் தானாக உள்நுழைதல், குறித்த நொடிகள் காத்திருந்து உள்நுழைதல், நிர்வாகக் கணக்கு நேரடியாக நுழையலாமா என்பது, தவறான கடவுச்சொல்லுக்குப் பிறகு எத்தனை நொடி காக்க வைப்பது, எந்த எண்ணுக்குக் கீழான கணக்குகளை விலக்குவது ஆகியவை இருந்தன. பயனர்கள் தாவலில் யார் பெயர் திரையில் வரலாம், யார் பெயர் வரக்கூடாது என்று இரண்டு பட்டியல்கள். அடர்த்தியான சாளரம்தான், அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கல்லூரிக் கணினிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர், கட்டளை எதையும் மனப்பாடம் செய்யாமல், தன் கூடத்தின் விதிகளை அதில் எழுதிவிட முடிந்தது.

2008இன் மறுஎழுத்து

மாற்றி எழுதியவர்களில் முதன்மையானவர் ரெட் ஹேட் நிறுவனத்தின் வில்லியம் ஜான் மெக்கேன். அவர்கள் தரப்பின் காரணங்கள் வலுவானவை, அவற்றை நியாயமாக எடுத்துவைப்பது இந்த ஆய்வின் கடமை.

பழைய நிரல் தொடங்கிய காலத்தில் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள டி-பஸ் என்ற பொது வழி கிடையாது. அதன் 1.0 பதிப்பு 2006இல்தான் வந்தது. எந்தத் திரையின் முன் யார் அமர்ந்திருக்கிறார் என்று குறித்துவைக்கும் கன்சோல்கிட், யாருக்கு எந்த உரிமை என்று தீர்க்கும் பாலிசிகிட் ஆகியவையும் புதியவை. ஒருவர் வேலையை அப்படியே விட்டுவிட்டு மற்றவருக்குத் திரையைக் கொடுத்துத் திரும்பப் பெறும் வசதி ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் இவற்றையெல்லாம் நிரலின் அடித்தளத்தில் பிணைக்க வேண்டும். பழைய கட்டுமானத்தில் ஒட்டுப்போட்டு அதைச் செய்வது கடினம்.

புதிய ஜிடிஎம் உள்நுழைவுத் திரையையே ஒரு சிறு குனோம் அமர்வாக மாற்றியது. அதற்கென்று தனிக் கணக்கு, அதில் சாளர மேலாளர், அமைப்புகளைக் கவனிக்கும் நிரல், மின்சார மேலாளர் எல்லாம் இயங்கும். யாரும் உள்நுழையாத நிலையிலும் மடிக்கணினியின் மின்சாரத்தைக் கவனிக்க ஆள் வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான திரைவாசிப்பான், உருப்பெருக்கி, விசைகளை அழுத்த முடியாதவர்களுக்கான திரைவிசைப்பலகை ஆகியவற்றை உள்நுழைவுத் திரையிலேயே எவரும் கண்டுபிடிக்கும்படி ஒரு பொத்தானில் வைத்தார்கள். முன்பு இவற்றை நிர்வாகி தனியாக அமைத்துத் தர வேண்டியிருந்தது. இந்த முன்னேற்றத்தை எந்த விமர்சனமும் சிறுமைப்படுத்தக் கூடாது.

ஆயினும் லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் வழங்கல்கள் தயங்கின. ஃபெடோரா 9, 2008 மே மாதம் புதியதை ஏற்றது. உபுண்டு அடுத்தடுத்த வெளியீடுகளில் 2.20ஐயே வைத்துக்கொண்டு, 2009 அக்டோபரில் வந்த 9.10இல்தான் மாறியது. 2011இல் வெளியான டெபியன் 6 இரண்டையுமே வழங்கியது. பழையது ஜிடிஎம் என்ற பெயரிலும் புதியது ஜிடிஎம்3 என்ற பெயரிலும் அருகருகே இருந்தன. பராமரிப்புச் சுமையைப் பற்றி நன்கு அறிந்த டெபியன் போன்ற திட்டம் ஒரே வேலைக்கான நிரலின் இரண்டு தலைமுறைகளைச் சுமக்க முன்வந்தது சாதாரணமான செய்தி இல்லை. புதியது பழையதன் இடத்தை முழுமையாக நிரப்பவில்லை என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல சான்று இதுவே.

இழப்பின் மூன்று வகைகள்

"தெரிவுகள் நீக்கப்பட்டன" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பயன்படாது. மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

முற்றாகப் போனவை முதல் வகை. திரைத் தோற்றங்களை மாற்றும் அமைப்பு முழுதாகப் போனது. அதைப் பற்றித்தான் அன்று கூச்சல் அதிகம். என் மதிப்பீட்டில் இழப்புகளில் மிகச் சிறியது அதுதான். தோற்றம் மாறினால் யாருடைய வேலையும் நிற்காது. அதைவிடப் பெரிய இழப்பு, ஒரே கணினியில் பல திரைகளை நிலையாகக் குறித்துவைக்கும் பகுதி போனது. ஒரே பெட்டியில் நான்கு திரைகள், நான்கு விசைப்பலகைகள், நான்கு சுட்டிகள் மாட்டி நான்கு மாணவர்களை உட்கார வைக்கும் பல இருக்கை முறை, பணவசதி குறைந்த பள்ளிகளுக்கு உயிர்நாடி. பிரேசில் அரசின் புரோஇன்ஃபோ திட்டம் இத்தகைய பல முனையக் கணினிகளைப் பள்ளிகளில் நிறுவியது. ஜிடிஎம்மைக் கொண்டு இந்த முறையை அமைத்திருந்தவர்கள் 2.20ஐ விட்டு நகர முடியவில்லை. 2012 மே மாதம் ஃபெடோரா 17 வந்து, கணினியின் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் துணையோடு பல இருக்கை முறை தானாக இயங்கும்வரை, நான்கு ஆண்டுகள் அந்த வழி அடைபட்டிருந்தது.

இரண்டாம் வகை, இடம் மாறியவை. பயனர் பட்டியலை மறைப்பது, அறிவிப்பு வாசகம் காட்டுவது, கணினியை நிறுத்தும் பொத்தான்களை எடுத்துவிடுவது ஆகியவை புதிய நிரலிலும் இருந்தன. ஆனால் அவற்றுக்குச் சாளரம் இல்லை. குனோமின் ஜிகான்ஃப் என்ற அமைப்புக் களஞ்சியத்தில், ஜிடிஎம் கணக்கின் பெயரில், ஒவ்வொன்றும் ஒரு திறவுகோலாக உட்கார்ந்திருந்தது. பட்டியலை மறைக்க விரும்பும் நிர்வாகி டெர்மினலைத் திறந்து, தன் கணக்கிலிருந்து ஜிடிஎம் கணக்குக்கு மாறி, நான்கு அடுக்குப் பாதையுள்ள திறவுகோலின் பெயரைப் பிழையில்லாமல் தட்டி, அதன் மதிப்பை "உண்மை" என்று வைக்க வேண்டும். கணக்கு மாறாமல் தட்டினால் அவருடைய சொந்தக் களஞ்சியத்தில் அந்த மதிப்பு பதிவாகும். பிழைச்செய்தி எதுவும் வராது, உள்நுழைவுத் திரையில் மாற்றமும் இருக்காது. உபுண்டு 9.10இல் சிறு சாளரம் ஒன்றைத் தாங்களாகவே செய்து சேர்த்தார்கள். யார் உள்நுழைவது என்று கேட்கும் திரையைக் காட்டு, அல்லது இன்னார் பெயரில் தானாக உள்நுழை. இரண்டு தேர்வுகள், பூட்டைத் திறக்க ஒரு பொத்தான், கிட்டத்தட்ட அவ்வளவே. ஆறு தாவல்கள் இருந்த இடம் அது.

மூன்றாம் வகை மிகவும் கேடானது: சொல்லாமல் செயலிழந்தவை. பழைய ஜிடிஎம்முக்கென நிர்வாகி எழுதிய அமைப்புக் கோப்பு, மேம்படுத்தலுக்குப் பிறகும் வன்தட்டில் இருக்கலாம். அதில் வரவேற்பு வாசகம் இருக்கும், தோற்றத்தின் பெயர் இருக்கும், நிலையான திரைகளின் வரிகள் இருக்கும். புதிய நிரல் சில வரிகளைப் படித்தது, தானாக உள்நுழைதல் போன்றவை தொடர்ந்து இயங்கின. அது பொருட்படுத்தாத வரிகள் அப்படியே கிடந்தன. ஒரு வரி உயிரோடிருக்கிறது, அடுத்த வரி செத்துக் கிடக்கிறது, எது எது என்று சொல்ல ஆளில்லை. கோப்பைத் திறந்து பார்க்கும் நிர்வாகிக்குத் தன் விதிகள் நடைமுறையில் இருப்பதாகத் தோன்றும். இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்ப வைப்பது, பாதுகாப்பே இல்லை என்று தெரிந்திருப்பதைவிட ஆபத்தானது.

தெரிவுகளுக்கு விலை உண்டு என்ற வாதம்

மறுஎழுத்தின் பின்னணியில் இருந்த சிந்தனையை அறிய ஆறாண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். குனோம் நிரலர் ஹாவோக் பெனிங்டன் 2002இல் கட்டற்ற மென்பொருளின் இடைமுகம் பற்றி எழுதிய கட்டுரை குனோம் வட்டாரத்தில் பெரும் தாக்கம் செலுத்தியது. ஒவ்வொரு தெரிவுக்கும் விலை உண்டு என்பது அதன் மையக்கருத்து. தெரிவுகள் பெருகினால் வேண்டியது கண்ணில் படாது. எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க முடியாது. நிரல்கள் ஒன்றோடொன்று இசைந்து போவது கெடும். நிரலைச் சரியாகச் செய்யாமல், சரியாக நடக்கச் செய்யும் பொத்தானைப் பயனர் தலையில் கட்டும் சோம்பலுக்கும் அது இடம் கொடுக்கும்.

அந்தக் காலத்தின் சூழலில் வைத்துப் பார்த்தால் இது தேவையான குரல். 2001இல் சன் நிறுவனம் குனோம் 1.4ஐப் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது அவர்கள் தடுமாறிய இடங்கள் ஏராளம். 2002 ஜூனில் வந்த குனோம் 2.0 தெரிவுகளைக் குறைத்து, ஒழுங்கைக் கூட்டியது. சோதனைச் சுமை பற்றிய வாதத்தின் பின்னால் எளிய கணக்கும் இருக்கிறது: ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகள் கொண்ட தெரிவுகள் பத்து இருந்தால் சேர்க்கைகள் 1,024, இருபது இருந்தால் 10,48,576. தன்னார்வலர்களையும் சில நிறுவனங்களின் ஊழியர்களையும் நம்பி ஓடும் திட்டம் இத்தனையையும் சோதிக்க முடியாது என்பது நேர்மையான கூற்று.

எதிர்ப்பும் அன்றே இருந்தது. 2005 டிசம்பரில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், குனோம் பயனர்களை அறிவிலிகளாக நினைத்து வசதிகளைப் பறிக்கிறது என்ற பொருளில் கடுமையாகச் சாடியது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அந்தச் சண்டையில் இரு தரப்புமே தெரிவை ஒரு தனிப் பயனரின் விருப்பமாகவே கருதின. தேர்ந்த பயனருக்கு நிறைய வேண்டும், புதியவருக்குக் குறைவாக வேண்டும் என்ற அளவில் விவாதம் நின்றுவிட்டது. உள்நுழைவுத் திரையை அந்தச் சட்டகத்துக்குள் வைத்து அளந்ததுதான் அடிப்படைப் பிழை என்பது என் வாதம்.

விருப்பமும் பொறுப்பும்

பெனிங்டனின் வாதங்களை ஒவ்வொன்றாக உள்நுழைவுத் திரையின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

புதிய பயனர் குழம்புவார் என்பது முதலாவது. பழைய ஜிடிஎம்மின் அமைப்புச் சாளரம் நிர்வாகக் கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும். சாதாரணப் பயனர் தற்செயலாக அங்கே போய்ச் சிக்கிக்கொள்ள வழியில்லை. அங்கே போகிறவர் அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர், மற்றவர்கள் சார்பாக முடிவெடுக்க வந்தவர்.

அடுத்தது சோதனைச் சுமை. தெரிவைச் சாளரத்திலிருந்து எடுத்து ஜிகான்ஃப் திறவுகோலாக மாற்றினால் சேர்க்கைகளின் எண்ணிக்கை குறைவதில்லை. பயனர் பட்டியல் மறைந்த நிலையும் மறையாத நிலையும் நிரலுக்குள் இருந்துகொண்டேதான் இருக்கின்றன, இரண்டையும் சோதித்தே ஆக வேண்டும். முற்றாக நீக்கியவற்றுக்கு மட்டுமே இந்த வாதம் பொருந்தும். இரண்டாம் வகை இழப்புக்கு இதில் எந்த நியாயமும் கிடைப்பதில்லை.

நல்ல இயல்புநிலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தெரிவே தேவைப்படாது என்பது எல்லாவற்றிலும் முக்கியமான வாதம். இங்கேதான் அது முறிகிறது. வீட்டில் பெயர்கள் படத்துடன் வரிசையாகத் தெரிவது வசதி, குழந்தை தன் படத்தைத் தொட்டு நுழையும். மருத்துவமனை வரவேற்பிலோ வங்கிக் கிளையிலோ அதே வரிசை ஊழியர்களின் பெயர்ப்பட்டியலை எதிரே நிற்கும் எவருக்கும் காட்டிக்கொடுக்கும், கடவுச்சொல்லை ஊகிக்க முனைபவருக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். பல்லாயிரம் மாணவர் கணக்குகள் மையச் சேவையகத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பட்டியலுக்கு அர்த்தமே கிடையாது. இந்த மூன்று இடங்களுக்கும் பொருந்தும் ஒரே இயல்புநிலை எங்கும் இல்லை. இடத்தை அறிந்தவர்தான் முடிவு செய்ய முடியும். புதிய ஜிடிஎம் அடிக்கடி நுழைபவர்களை மட்டும் காட்டிச் சமாளிக்கப் பார்த்தது. அது பட்டியலின் நீளத்தைக் குறைத்தது, வங்கியின் சிக்கலைத் தொடவில்லை.

எளிமைக்குப் பெயர்போன ஆப்பிளை இங்கே நினைத்துப் பார்ப்பது பயனுள்ளது. மேக் கணினிகளில் உள்நுழைவுத் திரை பயனர் பட்டியலைக் காட்ட வேண்டுமா, பெயரும் கடவுச்சொல்லும் கேட்க வேண்டுமா என்ற தெரிவு அமைப்புச் சாளரத்திலேயே இன்றுவரை இருக்கிறது. பூட்டிய திரையில் வாசகம் காட்டும் தெரிவும் அப்படியே. குனோம் எடுத்துவிட்ட அளவுக்கு ஆப்பிளே எடுக்கவில்லை. விண்டோஸ் கதையும் ஒப்பிடத் தக்கது. 2007இல் விஸ்டா வந்தபோது, ஜினா என்ற பழைய உள்நுழைவுக் கட்டுமானத்தை மைக்ரோசாஃப்ட் முழுதாகத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தது. ஜினாவை நம்பி மற்ற நிறுவனங்கள் எழுதிய நிரல்கள் உடைந்தன. ஆனால் கடைசியாக நுழைந்தவரின் பெயரைக் காட்டாதே என்ற நிர்வாகக் கொள்கை, அது இருந்த கொள்கைச் சாளரத்திலேயே தொடர்ந்தது. அடித்தளத்தை மாற்றும்போது நிர்வாகியின் தெரிவைப் பேண முடியும் என்பதற்கு ஜிடிஎம் மாறிய அதே காலகட்டத்துச் சான்று இது.

எஞ்சியவை ஏன் எஞ்சின

இன்றைய குனோமில் ஜிடிஎம் ஏற்கும் திறவுகோல்களில் பயனர் பட்டியலை மறைத்தல், அறிவிப்பு வாசகம், அடையாளச் சின்னம், நிறுத்தும் பொத்தான்களை விலக்குதல், கைரேகை மற்றும் நுண்ணறி அட்டை வழி நுழைதல், அனுமதிக்கும் தவறுகளின் எண்ணிக்கை ஆகியவை உள்ளன. வாசகத்தை மாற்ற நிர்வாகி டிகான்ஃப் என்ற அமைப்புக் களஞ்சியத்தில் ஜிடிஎம்முக்கெனச் சுயவிவரக் கோப்பு ஒன்றை எழுத வேண்டும். பிறகு அதற்கான கோப்புறையில் திறவுகோலும் மதிப்பும் கொண்ட இன்னொரு கோப்பை வைக்க வேண்டும். கடைசியாகக் களஞ்சியத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை இயக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் திரையில் மாற்றம் வராது.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணினிகளில் வரைகலை வழியாக யாரும் உள்நுழையுமுன் சட்ட அறிவிப்பு காட்டப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸுக்கான அதன் பாதுகாப்பு வழிகாட்டி, இந்த அறிவிப்புத் திறவுகோலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நுண்ணறி அட்டையும் அப்படிப்பட்ட நிறுவனங்களின் தேவை. நிறுவன ஒப்பந்தங்களோடு பொருந்திய தெரிவுகள் தங்கின. பல இருக்கை முறைப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு பலம் இல்லை. இதில் சூழ்ச்சி இருந்தது என்று நான் சொல்லவில்லை. யாருடைய தேவை நிரலரின் மேசைக்கு எழுத்தில் வந்து சேர்கிறதோ அது நிலைக்கிறது என்ற எளிய காரணமே இதை விளக்கப் போதும். மையமாக நூற்றுக்கணக்கான கணினிகளை நிர்வகிக்கும் நிறுவனத்துக்குக் கோப்பு முறை மிக வசதி என்பதும் உண்மைதான். ஒரு நிரலை எழுதி எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிடுவார்கள். பத்துக் கணினிகள் உள்ள கிராமத்துப் பள்ளியின் ஆசிரியருக்கு அந்த வசதியால் என்ன பயன்?

பிறகு நடந்தவை

2012 மே மாதம் வெளியான லினக்ஸ் மின்ட் 13, எம்டிஎம் என்ற உள்நுழைவு நிரலுடன் வந்தது. அதன் அடித்தளம் ஜிடிஎம் 2.20. மூலத் திட்டம் கைவிட்ட நிரலை நான்காண்டுகள் கழித்து எடுத்துத் தூசு தட்டி, அமைப்புச் சாளரத்தோடு மீண்டும் ஓடவிட்டார்கள். 2017இல் வந்த மின்ட் 18.2 லைட்டிஎம்முக்கு மாறும்வரை அது தொடர்ந்து வாழ்ந்தது. பழைய தெரிவுகள் வேண்டும் என்று கேட்டவர்கள் மாற்றத்தை வெறுக்கும் சிலர் மட்டுமே என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

லைட்டிஎம், உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் ராபர்ட் ஆன்செல் எழுதியது. 2011 அக்டோபரில் வந்த உபுண்டு 11.10இல் ஜிடிஎம்மின் இடத்தை அது பிடித்தது. உள்நுழைவைக் கையாளும் பின்னணி நிரலையும் திரையில் தெரியும் முகப்பையும் அது தனித்தனியாகப் பிரித்தது. யார் வேண்டுமானாலும் தங்களுக்கேற்ற முகப்பை எழுதிக்கொள்ளலாம். இக்கட்டுரையின் முதல் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. புதிய தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்டும் பல தோற்றங்களையும் தெரிவுகளையும் தாங்கும் உள்நுழைவு நிரல் சாத்தியம் என்றால், 2008இன் நீக்கத்தைத் தொழில்நுட்பம் கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் லைட்டிஎம்மை வைத்து உபுண்டு செய்ததிலும் அதே நோய் தலைகாட்டியது. விருந்தினர் அமர்வு என்ற வசதி 11.10 முதல் உள்நுழைவுத் திரையிலேயே வந்தது. கடவுச்சொல் இல்லாமல் எவரும் நுழையலாம், வெளியேறியதும் எல்லாம் அழியும். அதை நிறுத்த விரும்பும் நிர்வாகிக்குச் சாளரம் கிடையாது, அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். 2017 மே மாதம் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. விருந்தினர் அமர்வை அடைத்துவைக்க வேண்டிய வேலி, உபுண்டு 16.10 வெளியீட்டிலும் 17.04 வெளியீட்டிலும் இயங்கவேயில்லை. விருந்தினராக நுழைந்தவர் அடைப்பை மீறி மற்றவர்களின் கோப்புகளை எட்ட முடிந்தது. அவசரத் திருத்தமாக உபுண்டு அந்த அமர்வையே இயல்பாக முடக்கியது. இந்த வசதியை வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு தெரிவு ஐந்தாண்டுகளுக்கு மேலாக நிர்வாகியின் கண்முன் இருந்திருந்தால், எத்தனையோ இடங்களில் அது முன்பே மூடப்பட்டிருக்கும்.

குனோமுக்கு மாற்றான கேடிஇ டெஸ்க்டாப்பின் தரப்பில் 2014இல் வந்த பிளாஸ்மா 5, கேடிஎம் என்ற பழைய உள்நுழைவு நிரலைக் கைவிட்டது. அதன் இடத்துக்கு வந்த எஸ்டிடிஎம்மில் எக்ஸ்டிஎம்சிபி கிடையாது. தெரிவுகளை அள்ளிக்கொடுப்பதாகப் பெயர் பெற்ற கேடிஇயிலும் உள்நுழைவுத் திரை இழப்பைச் சந்தித்தது. ஆகவே இதைக் குனோமின் மனப்பான்மை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. திரையைப் பார்க்கிறவர் பத்து நொடியில் கடந்துவிடுகிறார், அதை அமைக்கிறவர் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதனால் அந்தச் சிலரின் தேவை எந்தத் திட்டத்திலும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறது.

மொழித் தெரிவு

தமிழ் வாசகருக்கு நேரடியாகப் படும் ஓர் இழப்பைத் தனியே சொல்ல வேண்டும். ஜிடிஎம் 2.20இல் உள்நுழையுமுன் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்ததும் ஒரு கேள்வி வரும்: இதை இனி எப்போதைக்குமான மொழியாக வைக்கவா, இந்த ஒரு அமர்வுக்கு மட்டுமா? மறுஎழுத்துக்குப் பின் மொழிப் பட்டியல் சிறிது காலம் திரையின் அடியில் இருந்தது, அந்தக் கேள்வி போய்விட்டது. குனோம் 3 தலைமுறையில் பட்டியலும் உள்நுழைவுத் திரையிலிருந்து அகன்று, அமர்வுக்குள் இருக்கும் அமைப்புகளுக்குப் போனது. விசைப்பலகைத் தெரிவு மட்டும் எஞ்சியது.

ஒரு கணினி, ஒரு ஆள், ஒரு மொழி என்று வாழும் இடங்களில் இது பெரிய இழப்பாகத் தெரியாது. தமிழ்வழி மாணவியும் ஆங்கிலவழி மாணவனும் ஒரே பொதுக் கணக்கில் மாறி மாறி உட்காரும் பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. முதலில் அமர்ந்தவர் வைத்த மொழியில் அடுத்தவர் நுழைந்து, தனக்குப் புரியாத மொழியிலுள்ள அமைப்புகளுக்குள் தேடித் தன் மொழியை எடுக்க வேண்டும். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கும் பாஸ் லினக்ஸ், டெபியனை அடித்தளமாகவும் முன்னைய பதிப்புகளில் குனோமை டெஸ்க்டாப்பாகவும் கொண்டு, இந்திய மொழிகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. குனோமில் ஒரு தெரிவு போனால் அதன் விளைவு இந்த வழியாக நம் ஊர் வரை வந்தது. குனோமைத் தமிழாக்கத் தன்னார்வலர்கள் பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் பலன் உள்நுழைவுத் திரையிலேயே ஒரு சொடுக்கில் கிடைத்தது. இன்று அது அமைப்புகளின் உள்ளே போய்த் தேடி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

தீர்ப்பும் கோரிக்கையும்

நிரல் கட்டற்றது, வேண்டுமானால் மாற்றி எழுதிக்கொள்ளலாமே என்ற பதில் எப்போதும் வரும். அந்த உரிமை மெய்யானது, எம்டிஎம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்த உரிமையைக் கையாள ஒரு வழங்கலின் அளவுக்கு ஆள்பலம் வேண்டும். கூடத்தின் சாவியை வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது எட்டாது.

ஜிடிஎம்மின் மறுஎழுத்து கட்டுமானத்தில் சரியான முடிவு. அணுகல்தன்மையில் பெரும் முன்னேற்றம். தோற்றங்களை நீக்கியதையும் ஏற்கலாம். பயனர் பட்டியல், அறிவிப்பு வாசகம், பல இருக்கை, மொழி ஆகிய நான்கிலும் அது தவறியது. தனிமனித விருப்பத்தைக் குறைக்க உருவான கொள்கையைக் கூட்டுப் பொறுப்பின் மேல் சுமத்தியதே காரணம். மேம்படுத்தும்போது பழைய கோப்பின் எந்த வரிகள் இனி செல்லாது என்று நிர்வாகிக்கு ஒரு பட்டியலாவது காட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யச் சில நூறு நிரல்வரிகள்கூடத் தேவையில்லை.

கல்லூரிகளிலும் நூலகங்களிலும் பள்ளிகளிலும் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பின் சோதனை வெளியீடு வந்ததும் ஒரே ஒரு கணினியில் அதை நிறுவுங்கள். பயனர் பட்டியல், அறிவிப்பு, தானாக உள்நுழைதல், விருந்தினர் கணக்கு, மொழி ஆகிய ஐந்தையும் உங்கள் கூடத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருப்பதை, அதனால் யாருடைய வேலை தடைபடுகிறது என்ற விவரத்தோடு, இறுதி வெளியீட்டுக்கு முன்பே அந்தத் திட்டத்தின் வழுப்பதிவில் எழுதுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தேவை எழுத்தில் இருக்கிறது. நம் பள்ளிக்கூடத்தின் தேவையும் எழுத்தில் இருக்க வேண்டும்.